சரிங்கக்காவின் பொருத்தனை

எங்கள் சபையில் என் மனைவிக்கு இன்னொரு பெயர் உண்டு. பாடகர் குழுவில் இருக்கும் வாலுப் பெண்கள் வைத்தது: சரிங்கக்கா. யார் எந்த வேலையைத் தலையில் கட்டினாலும் அவள் வாயிலிருந்து வருகிற ஒரே பதில் 'சரிங்க' என்பதால் அப்படி. திருவிருந்துக் கிண்ணங்களைக் கழுவ ஆள் வேண்டுமா, சரிங்க. மேஜை விரிப்பைத் துவைத்து இஸ்திரி போட வேண்டுமா, சரிங்க. ஞாயிறு பள்ளியில் பொடிசுகளுக்குப் பாடம் எடுக்க யாரும் அகப்படவில்லையா, அதற்கும் சரிங்க. ஓய்வுநாளைப் பற்றி பாஸ்டர் உருக்கமாகப் பிரசங்கம் செய்துகொண்டிருக்கும்போதே இவள் பின்னறையில் இடுப்பொடிய ஓடிக்கொண்டிருப்பாள். ஆரம்பத்தில் எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும். போகப் போகப் பழகிவிட்டது.

நான் ஸ்கூட்டர் மெக்கானிக். என் பக்தியைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஞாயிறு ஆராதனைக்குத் தவறாமல் போவேன், கடைசி வரிசையில் உட்காருவேன், கண்ணை மூடுவேன். அது ஜெபமா தூக்கமா என்று கேட்டால் எனக்கே சரியாகத் தெரியாது. வீட்டில் ஒருத்தி இரண்டு பேருக்குச் சேர்த்து விசுவாசமாக இருக்கிறாளே, போதாதா என்று நினைத்துக்கொள்வேன்.

அவளுக்குச் சம்பள வேலை குழந்தைகள் காப்பகத்தில். வேலைக்குப் போகிற தாய்மார்கள் காலையில் பிள்ளைகளை விட்டுவிட்டு மாலையில் அழைத்துப் போகிற இடம் அது. அங்கே மிகச் சிறியவர்கள் அறை இவள் பொறுப்பு. இன்னும் நடக்காததுகளும், நடக்க ஆரம்பித்து விழுந்து எழுகிறதுகளும். தரை முழுக்கப் பாய், சுவரோரம் குட்டிக் கட்டில்கள், ஜன்னலுக்கு வலை, எந்நேரமும் பாலும் பவுடரும் கலந்த வாசனை. எங்கள் மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த காலத்தில் அங்கே சேர்ந்தவள், மகள் கல்லூரிக்குப் போன பிறகும் அங்கேதான் இருந்தாள். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு நேரத்துச் செய்திகள் எல்லாம் அந்த அறையிலிருந்துதான் வரும். யாருக்குப் பல் முளைத்தது, யார் எதையும் பிடிக்காமல் எழுந்து நின்றார்கள், யார் இவள் மடியை விட்டு இறங்க மாட்டேனென்று அடம்பிடித்தார்கள் என்று. என் பட்டறையில் அன்றைக்கு எஞ்சினே வெடித்திருந்தாலும் அது இரண்டாம் பட்சம்தான்.

ஒரு நாள் காப்பக மேலாளர் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார். அடுத்த கல்வியாண்டிலிருந்து சான்றிதழ் இருப்பவர்கள் மட்டும்தான் குழந்தைகள் அறைக்குள் இருக்கலாம், பிள்ளைகளைத் தூக்கலாம். இல்லாதவர்களுக்கு வேலை போகாது, ஆனால் சமையலறைக்கு மாற வேண்டும். மேலிடத்து உத்தரவு, நான் என்ன செய்ய முடியும் என்று அந்த அம்மாள் கையை விரித்துவிட்டார். பாவம், அவரைச் சொல்லியும் குற்றமில்லை.

அன்று வீட்டுக்கு வந்தவள் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் அடுப்படியில் நின்றாள். பிறகு சொன்னாள்.

"நான் படிக்கப் போறேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பத்தாம் வகுப்போடு மூட்டை கட்டியவள், தலையில் பாதி நரைத்த பிறகு படிக்கப் போகிறாளாம். மகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். சிரிப்பு அப்படியே அடங்கிவிட்டது. மகள்தான் எங்கெங்கோ விசாரித்து, குழந்தைகள் பராமரிப்புக்கு ஒரு வருடச் சான்றிதழ்ப் படிப்பு இருக்கிறது, மாலை நேரத்திலும் சனிக்கிழமையிலும் வகுப்பு, பத்தாம் வகுப்புப் போதும் என்று கண்டுபிடித்து வந்தாள். இடம் குறைவு, போட்டி அதிகம். என் மனைவி உபவாசம் இருந்தாள். இடம் கிடைத்துவிட்டது.

வினையே அங்கேதான் ஆரம்பித்தது. அந்த வாரம் ஆராதனையில் கடவுள் செய்த நன்மைகளை எழுந்து சாட்சியாகச் சொல்கிற நேரத்தில் இவள் எழுந்து முன்னால் போனாள். மைக்கைக் கண்டாலே நடுங்குகிறவள் முன்னால் போகிறாளே என்று நான் கண்ணைத் திறந்தேன். கர்த்தர் எனக்கு இந்த இடத்தைக் கொடுத்தார் என்று ஆரம்பித்து, அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. இடம் கிடைத்தால் இந்தப் படிப்புக்காக அவருடைய வேலை ஒன்றையும் ஒரு நாளும் விடமாட்டேன் என்று பொருத்தனை பண்ணியிருப்பதாகச் சொன்னாள். சபை முழுக்க ஸ்தோத்திரம் என்றது. நான் மட்டும் அவளுடைய வாரத்து வேலைகளை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.

பொருத்தனை என்றால் கடவுளுக்குக் கொடுக்கிற வாக்கு. எங்கள் ஆட்களிடம் இது விளையாட்டுக் காரியமில்லை. வாயை விட்டு வெளியே வந்துவிட்டால் நிறைவேற்றியே ஆக வேண்டும். பிள்ளை பிழைத்தால் ஊழியத்துக்கு அனுப்புகிறேன் என்று சொன்னவர்கள் அனுப்பியிருக்கிறார்கள். இனிமேல் தங்க நகையே போடமாட்டேன் என்று சொன்னவர்கள் வெறுங்கழுத்தோடு மகள் கல்யாணத்தில் நின்றிருக்கிறார்கள். இவள் என்னடாவென்றால் தன் நேரத்தையே பொருத்தனை பண்ணிவிட்டு வந்து நிற்கிறாள். கடவுளே கேட்காததை இவளாக எதற்கு அள்ளிக் கொடுக்க வேண்டும்? வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். நன்றி மறக்கக் கூடாதில்லையா என்றாள்.

அந்த ஒரு வருடம் எப்படிப் போனது என்று எனக்குத்தான் தெரியும். பாத்திரம் கழுவுகிற தொட்டிக்கு மேலே பாடத்தாள்களை ஒட்டி வைத்துக்கொண்டு முணுமுணுப்பாள். சோப்பு நுரை தெறித்துப் பாதி எழுத்துகள் ஊறிப்போயிருக்கும். பஸ்ஸில் படிப்பாள், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி நடந்து வருவாள். மகள் கேள்வி கேட்பாள், இவள் பதில் சொல்வாள். தப்பாகச் சொன்னால் மகள் திட்டுவாள். இவள் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தலையைக் குனிந்துகொள்வாள். முதல் உள்தேர்வில் தாய் வெளியே போனதும் குழந்தை ஏன் அழுகிறது என்று கேட்டிருந்தார்கள். இவள் நன்றாகத்தான் எழுதினாள், எழுதிவிட்டுக் கடைசியில் ஒரு பைபிள் வசனத்தையும் சேர்த்துவிட்டாள். டீச்சர் அதைச் சிவப்பு மையில் அடித்து, இது பிரசங்கம் இல்லை என்று ஓரத்தில் எழுதிக் கொடுத்தார். மகளும் நானும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவளும் சிரித்தாள், ஆனால் கொஞ்சம் தாமதமாக.

சபையில் எல்லோருக்கும் இவள் படிப்பதில் பெருமை பிடிபடவில்லை. பார்க்கிறவர்கள் எல்லாம் உங்களுக்காக ஜெபம் பண்றோம் சிஸ்டர் என்றார்கள். கிண்ணம் கழுவ ஒருவரும் வரவில்லை. அது மட்டுமா? படிக்கிறவள், எழுத்து நன்றாக வரும் என்று பெண்கள் ஐக்கியத்தின் செயலாளர் பதவியையும் இவளுக்கே கொடுத்துவிட்டார்கள். படிக்கிறவளுக்கு வேலையைக் குறைப்பார்கள் என்று உலகம் நினைக்கும். எங்கள் சபையில் கூட்டிக் கொடுத்தார்கள். இவள் சொன்ன பதிலை நான் எழுத வேண்டியதில்லை.

எழுத்துத் தேர்வை எப்படியோ முடித்துவிட்டாள். தேறியும் விட்டாள், அந்த மதிப்பெண்ணைப் பார்த்த அன்று மகளைக் கட்டிக்கொண்டு குதித்தாள். மிச்சமிருந்தது செய்முறைத் தேர்வு ஒன்றுதான். வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வருவார்; அவர் பார்க்கக் குழந்தைகளுக்குப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். இவள் மழை எங்கிருந்து வருகிறது என்பதை எடுத்துக்கொண்டாள். பஞ்சில் மேகம், நீலத் துணியில் கடல், அட்டையில் குடை என்று வீடெல்லாம் ஒரே பிசின். நான்கூட ஒரு பழைய சைக்கிள் கம்பியை வளைத்து மேகத்தைத் தொங்கவிடக் கொக்கி செய்து கொடுத்தேன்.

தேதி போட்ட தாள் வந்தது. தேர்வாளர் வருவது சனியும் ஞாயிறும். இவள் பெயர் ஞாயிறு காலையில், சரியாக ஞாயிறு பள்ளி நேரத்தில் இருந்தது.

அந்தத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளைப் பார்க்கச் சகிக்கவில்லை. மறுநாள் தான் படிக்கிற கல்லூரியின் அலுவலகத்துக்குப் போய்ச் சனிக்கிழமைக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்டாள். ஒருவருக்கு மாற்றினால் எல்லோரும் கேட்பார்கள், வேண்டாமென்றால் அடுத்த வருடம் செய்யுங்கள் என்று முடித்துவிட்டார்கள். அடுத்த வருடம் என்றால் அதற்குள் காப்பகத்தில் அறை கைமாறிவிடும். நானும் ஒரு தடவை போய்க் கெஞ்சினேன். எனக்கும் அதே பதில்தான், கொஞ்சம் எரிச்சலோடு.

பிறகு அவளைக் கூட்டிக்கொண்டு பாஸ்டரிடம் போனேன். அவர் தங்கமான மனிதர். கேட்ட மாத்திரத்தில், போய்ப் பரீட்சையை எழுதுங்க சிஸ்டர், ஆண்டவர் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டார் என்றார். உங்கள் மனசு உறுத்தினால் பொருத்தனையிலிருந்து விடுவிக்கும்படி நானே ஜெபம் செய்கிறேன் என்று கையையும் உயர்த்தினார். எனக்குப் பாரம் இறங்கியது போல இருந்தது. இவள் சரிங்க என்று சொல்வதற்காகக் காத்திருந்தேன்.

"ஐயா, நான் உங்ககிட்டயா பொருத்தனை பண்ணேன்?" என்றாள்.

குரலில் மரியாதைக்கு ஒரு குறையுமில்லை. ஆனால் பாஸ்டரின் கை அப்படியே இறங்கிவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து இவள் ஒரு ஆளைப் பார்த்து முடியாது என்று சொல்லமாட்டாளா என்று ஏங்கியிருக்கிறேன். எத்தனை பேர் எத்தனை வேலையைக் கொண்டுவந்து கொட்டினார்கள், அவர்களில் ஒருவரிடம் சொல்லியிருக்கக் கூடாதா? தனக்கு நல்லது செய்ய வந்த மனிதரிடம் போய்ச் சொல்லிவிட்டாள். வீட்டுக்கு வந்து நான் கத்தினேன், மகள் அழுதாள். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு மட்டும் போகணும்னு ஆசை இல்லையா?" என்று மட்டும் கேட்டாள்.

பாஸ்டர் விடவில்லை. ஸ்கூட்டரில் ஏதோ சத்தம் வருகிறது என்று பட்டறைக்கு வந்தார். ஒரு சத்தமும் இல்லை, என்னிடம் பேசத்தான் வந்திருந்தார். அந்த ஒரு ஞாயிறு சின்னப் பிள்ளைகள் வகுப்பையே வைக்காமல் விட்டால் என்ன என்று கேட்டார். பிள்ளைகள் பெற்றோரோடு பெரிய ஆராதனையில் உட்காரட்டும். வகுப்பே இல்லையென்றால் விடுவதற்கு என்ன இருக்கிறது? நான் எண்ணெய்க் கையோடு அவரைக் கட்டிப்பிடிக்காத குறை.

இவளிடம் சொன்னேன். யோசித்தாள். மறுநாள் காலை, வகுப்பு இல்லேன்னா நான் எதையும் விடல இல்லங்க என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். இல்லவே இல்லை என்று அடித்துச் சொன்னேன். பல நாளைக்குப் பிறகு முகத்தில் ஒரு வெளிச்சம். தேர்வுக்கு முந்தின ஞாயிறே பாஸ்டர் அறிவித்தார். சபை சந்தோஷமாக ஆமென் என்றது. அடுத்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் மழைதான். மகளும் நானும் குழந்தைகளாகத் தரையில் உட்கார, இவள் மேகத்தை ஆட்டி ஆட்டிப் பாடம் நடத்தினாள். நான் குறுக்குக் கேள்வி கேட்டால், சும்மா இருங்க தம்பி என்று என்னையே அதட்டுவாள்.

தேர்வு ஞாயிறு திருவிருந்து ஞாயிறாகவும் இருந்தது. கிண்ணங்களையும் வெளுத்த விரிப்பையும் சபையில் வைத்துவிட்டு அப்படியே கல்லூரிக்குப் போவதாக ஏற்பாடு. சீக்கிரமே கிளம்பிவிட்டோம். மேகமும் கடலும் இருந்த பையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தாள். சபை வாசலில் நான் வண்டியை அணைக்கவே இல்லை. கிண்ணங்களை உள்ளே வைத்துவிட்டு ஓட்டமும் நடையுமாக வந்தவள், பக்கவாட்டுப் பாதையில் நின்றுவிட்டாள்.

பூட்டியிருந்த சின்னப் பிள்ளைகள் அறையின் படியில் ஒரு சிறுமி உட்கார்ந்திருந்தாள். இவள் வகுப்புக் குழந்தைதான். அதன் தாய்க்கு ஒரு ஓட்டலில் அறைகள் சுத்தம் செய்கிற வேலை, ஞாயிற்றுக்கிழமையும் உண்டு. வேலைக்குப் போகிற வழியில் பிள்ளையை இங்கே விட்டுவிட்டு, ஆராதனை முடிகிற நேரத்துக்கு ஓடி வந்து கூட்டிப்போவாள். முந்தின வாரம் அறிவித்தபோது குழந்தைக்குக் காய்ச்சல், இருவரும் வரவில்லை. சபை முழுக்கத் தெரிந்த சேதி, தெரிய வேண்டிய ஒருத்திக்குத் தெரியவில்லை. அவளுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமென்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"இன்னிக்குக் கிளாஸ் இல்லையா ஆன்ட்டி?" என்று குழந்தை கேட்டது.

நான் வண்டியிலிருந்தே, பாப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன், உன்னை விட்டுவிட்டு உடனே வந்துவிடுகிறேன், பாடகர் குழுப் பெண்கள் வந்துவிட்டார்கள், அதுவரை அவர்களிடம் இருக்கட்டும் என்று அடுக்கினேன். அந்தப் பெண்களும் ஓடி வந்து, அக்கா நீங்க போங்க, நாங்க இருக்கோம் என்று இவள் கையைப் பிடித்துத் தள்ளாத குறையாகச் சொன்னார்கள். இவள் யார் பக்கமும் திரும்பவில்லை. குழந்தையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கிளாஸ் இருக்கும்மா" என்றாள். பிறகு என்னிடம் வந்தாள். "வண்டியை நிழல்ல நிறுத்துங்க."

எனக்குத் தலைக்கேறிவிட்டது. பைத்தியமா உனக்கு, ஒரு வருஷம் பட்ட பாடெல்லாம் எதற்கு என்று சபை வாசல் என்றும் பாராமல் கத்தினேன். பயந்துபோய்த்தான் பின்வாங்குகிறாளோ என்றுகூட ஒரு நொடி சந்தேகம் வந்தது. முகத்தைப் பார்த்தேன். பயமில்லை. கண்ணிலிருந்து நீர் தாரையாக ஓடிக்கொண்டிருந்தது, அதைத் துடைக்கவும் இல்லை.

"நாம சந்துல புகுந்து போகப் பாத்தோம். அவரு பிள்ளையக் கொண்டாந்து உக்கார வெச்சுட்டாருங்க. நான் எப்படிப் போவேன்?"

பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று ஒரு தாய் பிள்ளையை இறக்கிவிட்டுப் போயிருக்கிறாள்; இதில் கடவுள் எங்கே வந்தார் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்டிருந்தாலும் அவளிடம் பதில் இருந்திருக்கும். வண்டியை அணைத்தேன்.

அறையைத் திறந்து, ஜன்னல்களைத் திறந்து, நாற்காலிகளை வழக்கம் போல வட்டமாகப் போட்டாள். ஒரே ஒரு குழந்தைக்கு முழு வட்டம். ஜெபம் செய்தாள், பாட்டுச் சொல்லிக்கொடுத்தாள், அன்றைய பாடத்தை ஒன்று விடாமல் எடுத்தாள். எல்லாம் முடிந்ததும் குழந்தை மூலையில் இருந்த பையைக் காட்டி, அதுல என்ன ஆன்ட்டி என்றது. அவள் எழுந்து மூலைக்குப் போனாள். பிறகு பையை எடுத்து, கடலை விரித்து, நான் வளைத்துக் கொடுத்த கொக்கியில் மேகத்தை மாட்டினாள். வீட்டில் எங்களுக்கு நடத்தியதைவிட நன்றாக நடத்தினாள். குரலில் ஒரு நடுக்கம் இல்லை. அதற்கு மேல் பார்க்க முடியாமல் நான் வெளியே வந்துவிட்டேன்.

அவளுடைய கைபேசி என் சட்டைப் பையில் அடித்தது. அவளோடு படிக்கிற பெண். அக்கா பக்கத்துல வந்துட்டாங்களாண்ணா, அடுத்து அவங்கதான், ரெண்டு தரம் கூப்பிட்டுட்டாங்க என்று மூச்சு வாங்கப் பேசினாள். இல்லம்மா, வரலை என்றேன். ஏன் என்று கேட்டாள். இணைப்பைத் துண்டித்துவிட்டேன்.

ஆராதனை முடிந்து தாய் ஓடி வந்தாள். ரொம்ப நேரம் காக்க வெச்சுட்டேனா அக்கா, மன்னிச்சுக்கங்க என்றாள். இவள் அதெல்லாம் ஒண்ணுமில்ல என்று சொல்லிக் குழந்தையின் கன்னத்தைத் தட்டிக் கொடுத்து அனுப்பினாள். அந்தத் தாய்க்கு இன்றுவரை விஷயம் தெரியாது. சொல்லக் கூடாதென்று இவள் எங்கள் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டாள். பாஸ்டர் அன்று எங்கள் முகத்தைப் பார்க்காமலேயே கை குலுக்கினார். எனக்கு யார் மேல் கோபப்படுவதென்று தெரியவில்லை. ஒரு கெட்டவன் கிடைத்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

புதுக் கல்வியாண்டு பிறந்ததும் அவள் சமையலறைக்கு மாறினாள். சின்னவர்கள் அறைக்குச் சான்றிதழோடு ஒரு இளம்பெண் வந்தாள். நல்ல பெண் என்று இவளே சொல்கிறாள். இப்போது எங்கள் சாப்பாட்டு நேரத்தில் செய்திகள் இல்லை. மகள் மட்டும் எதையாவது பேசிக்கொண்டிருப்பாள்.

போன வாரம் அவளைக் கூட்டிவரப் போனேன். காப்பகத்தின் பின்வாசல் நேரே சமையலறைக்குள் திறக்கும். உள்ளே அவள் பால் புட்டிகளைக் கொதிநீரிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள். அடுத்த அறையில் ஒரு குழந்தை வீறிட்டு அழ ஆரம்பித்தது. அவள் கை நின்றது. புதுப் பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு உலாத்துவது தெரிந்தது. அழுகை அடங்குவதாக இல்லை. சமாதானம் செய்தபடியே அந்தப் பெண் சமையலறைப் பக்கம் திரும்பி நடந்து வந்தாள்.

என் மனைவி அவசரமாகக் கதவுக்குப் பின்னால் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். ஈரக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு, நானும் சத்தம் போடக் கூடாது என்று கண்ணாலேயே காட்டினாள். குழந்தை என் ஸ்கூட்டர் சாவியைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, மறுபடி அழுதது. அந்தப் பெண் திரும்பிப் போனாள்.

ஏன் ஒளிஞ்சுக்கறே என்று மெதுவாகக் கேட்டேன்.

"என்னைப் பாத்தா குழந்தை கைய நீட்டும்ங்க" என்றாள். "நான் வாங்கக் கூடாதே."

அழுகை ஓயும் வரை அங்கேயே நின்றாள். ஓய்ந்த பிறகு வெளியே வந்து, மிச்சப் புட்டிகளை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள்.